சராசரி என்னும் அளவுகோல்



அடுத்த வயலில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று கேளாத உழவர் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம் சாகுபடியின் நிலை நமக்குப் புலனாகின்றது. மருத்துவர் எழுதும் மருந்தையும் இவ்வாறு ஒப்பிட இயலுமா? இயலும் என்பதை இங்கிலாந்து காட்டியிருக்கின்றது. அது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

அந்நாட்டில் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று. மக்கள் தத்தம் வட்டாரத்துக் குடும்ப மருத்துவர் நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்கின்றனர். மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடைக்காரர், அதற்குரிய பணத்தைச் சுகாதாரப் பணியிடம் பெறுகின்றார். ஆதலின் ஒவ்வொரு சீட்டும் கணக்கில் ஏறிவிடுகின்றது. எந்த நிலையம் எம்மருந்தை எவ்வளவு எழுதிற்று என்ற விவரம், நோயாளிகளின் பெயரின்றி, மாதந்தோறும் வெளியாகின்றது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் கோல்டேகர் குழுவினர், ஒரு நிலையத்தை நாட்டின் ஏனைய நிலையங்களோடு எவரும் ஒப்பிட்டுக் காண 2015ஆம் ஆண்டில் வழிசெய்தனர்.

ஆயினும் சராசரியைக் கையாளுவதில் நிதானம் வேண்டும். ஆற்றுப் பாசன நிலத்தையும் மானாவாரி நிலத்தையும் ஒரே படியால் அளத்தல் முறையாகுமா? முதியோர் மிகுந்த வட்டாரத்தில் மருந்து கூடுதலாகச் செலவாவது இயல்பே. எனவே பல மருந்துகளின் கணக்கில், மக்களின் வயதையும் ஆண் பெண் விகிதத்தையும் கருதி ஈடுசெய்த பின்னரே ஒப்பிடுகின்றனர். மேலும், சராசரி என்பது சரியான அளவு அன்று. நாடே மிகுதியாக மருந்துண்ணுமாயின், சராசரியில் நிற்பவரும் மிகுதியாக உண்பவரே ஆவார்.

இவ்வொப்பீட்டின் பயனை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். ஆன்டிபயாடிக் மருந்துகளை வேண்டாத இடத்தில் வழங்கினால், நாளடைவில் கிருமிகள் அவற்றுக்கு அடங்காமற் போகும். உயிருக்கு ஆபத்தான வேளையில் மருந்து கைவிட்டுவிடும். சாதாரணச் சளிக்குக் காரணமான வைரஸிடம் இம்மருந்து பலிப்பதுமில்லை. இம்மருந்துகளைத் தம் வட்டாரத்தில் மிகுதியாக எழுதிய 1,581 நிலையங்கள் ஓர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுள் ஒரு பாதிக்கு 2014ஆம் ஆண்டில் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் கடிதம் அனுப்பினார். வட்டாரத்தில் 80 சதவீத நிலையங்கள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகின்றன என்பதே அதன் சாரம். அபராதம் இல்லை, மிரட்டலும் இல்லை. அடுத்த ஆறு மாதங்களில், கடிதம் பெறாத நிலையங்களில் ஆயிரம் பேருக்குச் சுமார் 131 ஆக இருந்த சீட்டுகள், பெற்ற நிலையங்களில் 127 ஆக இருந்தன. குறைவு 3.3 சதவீதமே, எனினும் 73,406 சீட்டுகள் மிச்சமாயின என மதிப்பிட்டனர். அதே ஆய்வில், நோயாளிகளுக்கென வழங்கிய துண்டுப் பிரசுரங்களும் சுவரொட்டிகளும் குறிப்பிடத்தக்க மாறுதலை உண்டாக்கவில்லை.

இதனின்று நாம் கொள்ளத்தக்கது யாது? கணக்கு என்பது குற்றப்பத்திரிகை அன்று; அது ஒரு கேள்வி. சராசரியை மிஞ்சியவரை உடனே பழித்தலும், குறைந்தவரை உடனே புகழ்தலும் ஆகா. தேவையுள்ள நோயாளிக்கு மருந்து மறுக்கப்படுமாயின், அக்குறைவும் கேடே. முதலில் காரணத்தைக் கேட்போம். நிலையை உணர்ந்து, திருந்த வேண்டியது உண்டாயின் திருந்துவோம். ஊராட்சியில் எக்கணக்கை ஒப்பிடும்போதும் இம்முறையையே மேற்கொள்வோமாக!