கப்பல் ஊதுகிற மைதானம்

"அப்பா, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க" என்றாள் மகள். அது 2023, ஜூலை மாதம். மகள் குடும்பத்தோடு குடியிருக்கும் அமெரிக்காவின் சன்னிவேலில் பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அரைக்கைச் சட்டையோடு காரில் ஏறினேன். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் வடக்கே சான் பிரான்சிஸ்கோ. கடலை ஒட்டிக் கட்டிய மைதானம். இரவு எட்டு மணிக்கு என் பற்கள் தந்தி அடித்தன. பக்கத்து இருக்கை அம்மாள், முன்பின் தெரியாதவர், தன் கம்பளியில் பாதியை இழுத்து என் மடியில் போட்டுவிட்டு மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இப்படி எத்தனை மாமனார்களைப் பார்த்திருப்பாரோ!

பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு இரண்டரை. இருவருக்கும் அதுதான் முதல் பேஸ்பால் ஆட்டம். எனக்கும்தான். சின்னக் குழந்தைகளை இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு எப்படி அழைத்துப் போவது என்று அன்று கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதில் பாதி, தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

கிரிக்கெட்டில் பழகிய உங்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை. இங்கே ஓவர் கிடையாது. பந்து தரையில் குத்தி எழும்பாது, நேராக வரும். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி மட்டையைப் பிடிக்கும். இப்படி ஒன்பது முறை, அதாவது ஒன்பது இன்னிங்ஸ், மாறி மாறி ஆடுவார்கள். இவ்வளவு போதும். இதற்கு மேலும் பேரனுக்குச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். சரியாக வந்த பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக், அடித்துக் கோட்டுக்கு வெளியே போனாலும் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், ஆனால் வெளியே போன பந்து மட்டும் மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது என்றேன். "ஏன் தாத்தா?" என்றான். பதில் இல்லை. "அம்பயர் அங்கிளக் கேக்கலாம்" என்று அவனே எனக்கு ஆறுதல் சொன்னான்.

அவனை அன்று கட்டிப்போட்டது வாசலில் இருந்த பனைமரங்கள்தான். அந்த ஊர் அணியான ஜயன்ட்ஸின் மாபெரும் வீரர் வில்லி மேஸ். அடுத்த வருடம், 2024இல், தம் 93ஆம் வயதில் காலமானார். அவர் சட்டையில் இருந்த எண் 24. மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலை வைத்து, சுற்றிலும் 24 பனைமரங்கள் நட்டிருக்கிறார்கள். உள்ளே வலப்பக்கச் சுவரின் உயரமும் 24 அடி. பேரன் மரங்களை விரல்விட்டு எண்ணினான். பாதியில் ஒருவர் குறுக்கே வந்துவிட, முதலிலிருந்து எண்ணினான். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். தேசிய கீதம் உள்ளே பாடி முடிந்துவிட்டது. நாங்கள் இன்னும் பதினேழாவது மரத்தில் இருந்தோம்.

அப்போது எனக்குப் பதற்றம்தான். டிக்கெட் வாங்கியது மரம் எண்ணவா? பிறகுதான் ஒரு கணக்குப் புரிந்தது. அமெரிக்காவின் பெரிய லீகில் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். பட்டம் வெல்கிற அணிகூட அறுபது ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்து நிற்கும். இன்று விட்டால் நாளை, நாளை விட்டால் நாளன்றைக்கு. நம் ஐ.பி.எல். மாதிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் கைக்குழந்தையோடு கூசாமல் வருகிறார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் நுழைகிறார்கள், ஆறாவதில் எழுந்து போகிறார்கள். யாரும் யாரையும் முறைப்பதில்லை. குழந்தையோடு போகிறவர்கள் இந்த மனநிலையோடு போனால் பாதிச் சுமை குறையும்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும் என்ற பயமும் முன்போல் இல்லை. முன்னெல்லாம் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பந்து வீசுகிறவர் தொப்பியைச் சரிசெய்வார், மண்ணைக் கிளறுவார், வானத்தைப் பார்ப்பார். 2023இல் அதற்கு ஒரு கடிகாரம் கட்டிவிட்டார்கள். மைதான மூலைகளில் ஓடக் காத்து ஆள் நிற்காவிட்டால் 15 விநாடிக்குள் வீசியாக வேண்டும். அந்த வருடமே சராசரி நேரம் சுமார் 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இதில் வருத்தம். டயப்பர் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு வருத்தம் இருக்காது.

சாப்பாட்டுக்குக் கவலைப்படவில்லை. வெளிச் சாப்பாட்டை அங்கே உள்ளே விடுகிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோயிருந்தோம். ஆனால் பூண்டை நறுக்கித் தூவிய உருளைக்கிழங்கு வறுவலின் வாசனை அந்த மைதானம் முழுவதும் மிதக்கிறது. தெற்கே கில்ராய் என்று பூண்டுக்குப் பேர்போன ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட ஒன்று கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் அணி வீரர் ஒருவர் ஹோம் ரன் அடித்தார். நம்மூர் சிக்ஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிற மாதிரி ஊஊஊ என்று ஒரு சங்கு. பனிமூட்டத்தில் கப்பல்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஊதல் அது. இந்த மைதானத்தில் ஹோம் ரன்னுக்கு ஊதுகிறார்கள். நாற்பதாயிரம் பேர் எழுந்து கத்துகிறார்கள். பேத்தி என் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வீறிட்டாள். இது எங்கள் தப்பு. காதை மூடும் மஃப் ஒன்று வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கக் கோடிக்குப் போனோம். அங்கே ராட்சத கோக் பாட்டில் ஒன்று சாய்ந்து படுத்திருந்தது, உள்ளே சறுக்குமரம். பக்கத்தில் பழைய காலத்து நாலு விரல் கையுறை ஒன்று, வீடு உயரத்துக்கு. கீழே குழந்தைகளுக்கென்று குட்டி மைதானம்; பிளாஸ்டிக் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடலாம். எங்களைப் போல் ஏகப்பட்ட குடும்பங்கள் அங்கேதான். ஒரு அப்பா பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்று ஆட்டத்தையும், முகத்தைத் திருப்பிப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலிக்காதா என்று எனக்குக் கவலை.

அங்கிருந்து திரும்பியபோது இருக்கையைப் பற்றி வீட்டில் நடந்த சண்டையை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு, மைதானத்தை ஒட்டிய வரிசை வேண்டும். பந்து வந்தால் பிடிக்கலாம். மகளுக்கு, வலைக்குப் பின்னால்தான். இரண்டு பேருமே சரி.

முதலில் மாப்பிள்ளை கட்சி. சேப்பாக்கத்தில் சிக்ஸர் பந்து கேலரியில் விழுந்தால் திருப்பி எறிய வேண்டும், இல்லையா? பேஸ்பாலில் வந்த பந்து உங்களுக்கே. இந்த உரிமைக்கு ஒரு வரலாறு உண்டு. இதே ஜயன்ட்ஸ் அணி, 1958இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்வதற்கு முன் நியூயார்க்கில் இருந்தது. 1921இல் அங்கே ரூபன் பெர்மன் என்ற ரசிகர் தன்னிடம் வந்த பந்தைத் தர மறுத்தார். அவரை வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டு, நூறு டாலர் நஷ்டஈடு வாங்கினார். அதே காலத்தில் பிலடெல்பியாவில் பந்தை வைத்துக்கொண்ட பதினொரு வயதுப் பையனை ஓர் இரவு சிறையிலேயே அடைத்துவிட்டார்கள். மறுநாள் நீதிபதி அவனை விட்டார். இந்தக் கதையைச் சொன்னதும் பேரன் கேட்டது ஒன்றே ஒன்று: "பந்து யார்கிட்ட இருந்துச்சு?"

இப்போது மகள் கட்சி. அதே பந்து மட்டையில் பட்டுச் சிதறினால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி வரும். 2017இல் நியூயார்க்கில் ஒரு சிறுமியின் முகத்தில் பட்டது. அதன் பிறகு 2018 பருவத்துக்குள் எல்லா மைதானங்களிலும் வீரர்கள் உட்காரும் இடத்தின் கடைசி வரை வலை நீண்டது. அப்படியும் 2019 மே மாதம் ஹூஸ்டனில், வலையைத் தாண்டிய இடத்தில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையின் தலையில் பந்து அடித்துவிட்டது. பந்தை அடித்த ஆல்பர்ட் அல்மோரா அங்கேயே மண்டியிட்டு அழுதார். அவரும் சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். அதற்குப் பிறகுதான் வலை இன்னும் நீண்டது. மடியில் குழந்தை இருக்கிறவர்கள் வலைக்குப் பின்னால் உட்காருங்கள், இல்லாவிட்டால் மேல் மாடத்துக்குப் போய்விடுங்கள். "நான் பிடிச்சிருவேன்" என்கிற மாப்பிள்ளைகளை நம்பவேண்டாம். ஒரு கையில் வறுவல், ஒரு கையில் போன், எந்தக் கையால் பிடிப்பார்?

அன்று எங்கள் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. பேரன் முகம் சுருங்கிப்போனது. இரண்டு வாரம் கழித்து அவனைச் சான் ஹோசேயில் ஒரு சின்ன மைதானத்துக்கு அழைத்துப் போனோம். 1942இல் கட்டியது. பெரிய அணிக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர்கள் ஆடுகிற கீழ்மட்ட லீக். டிக்கெட் விலை குறைவு, கூட்டமும் குறைவு, வீரர்களின் முகத்தில் பருகூடத் தெரிகிறது. என் அபிப்பிராயத்தில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்த மாதிரி மைதானம்தான். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். நாலாவது இன்னிங்ஸில் ஒரு பந்து கூரையில் பட்டு, உருண்டு, காலியான வரிசையில் ஒரு பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. பேரன் ஊர்ந்து போய் எடுத்தான். முட்டி முழுக்கக் கடலைத் தோல்.

அந்தப் பந்து கையடக்கம்தான், கிரிக்கெட் பந்தைவிட ஒரு சுற்றுப் பெரியது. வெள்ளைத் தோலில் சிவப்பு நூல் தையல். பெரிய லீகின் பந்துகளைக் கோஸ்டா ரிகாவில் இன்றும் கையால்தான் தைக்கிறார்கள். இரட்டைத் தையல் 108 என்று மகள் சொன்னாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். ஒருமுறை 103 வந்தது, ஒருமுறை 111. நூற்றெட்டு என்ற எண் காதில் விழுந்ததும் என் மனைவி அதைத் துடைத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். பேரன் விளையாடக் கேட்டால் பாட்டியிடம் மனுப் போட வேண்டும்.

சரி, அந்த முதல் இரவுக்கு வருகிறேன். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுகிறது. 1908இல் எழுதிய பாட்டு. எழுதியவர் அதுவரை ஆட்டமே பார்த்ததில்லை என்பார்கள். பேத்தி என் தோளில் நின்று, தெரியாத வார்த்தைகளை உரக்கப் பாடினாள். அதற்குள் கடற்பறவைகள் வந்துவிட்டன. அந்த மைதானத்துக் காக்கைகள் அவை. ஆட்டம் முடியப் போவது எப்படியோ அவற்றுக்குத் தெரிகிறது; சிந்திய தீனிக்குக் கூட்டமாக வந்து வட்டமிடுகின்றன. ஒன்று முன் வரிசைக் கைப்பிடியில் உட்கார்ந்து பேரனின் வறுவலைப் பார்த்தது. அவன் அதைப் பார்த்தான். இருவரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். மைதானத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நானும் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்குமுன் கிளம்பிவிட்டோம். கார் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் பின் இருக்கையில் இரண்டும் தூங்கிவிட்டன. மாப்பிள்ளை வானொலியைத் திருகினார். ஆட்டத்தின் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவன் நான். மொழி வேறு, ஆட்டம் வேறு; ஆனால் பந்து எழும்பும்போது வர்ணனையாளரின் குரலும் கூடவே எழும்புவது ஒன்றேதான். மகளும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அணிக்காரர் ஒருவர் அடித்த பந்து பின்னால் போகிறது, போகிறது என்றார். போயே விட்டது. பின்னணியில், சின்னதாக, ஊஊஊ என்று அந்தச் சங்கு.

பேத்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தாத்தா, கப்பல்."