கருங்குன்றுகளின் விலை

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாசிங்டனிலே, அரசாங்கத் திறைசேரியின் பொறுப்பிலே, ஒரு பெருந்தொகைப் பணம் உரியவர் கைபடாமற் கிடக்கின்றது. 1980ஆம் ஆண்டிலே அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி ஒதுக்கப்பட்ட அத்தொகை, அன்று 10 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்டதாய் இருந்தது. வட்டியோடு வளர்ந்து பின்னர் 100 கோடி டொலரையுங் கடந்துவிட்டது. அதற்கு உரியவர்கள் செல்வர்களல்லர். அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் வைத்தெண்ணப்படும் ஒதுக்கிடங்களிலே வாழும் லகோட்டா மக்களும் அவர்தம் உறவுக் குலத்தவருமே அவர்கள். வறுமையுற்ற அம்மக்கள் அப்பணத்தை வேண்டாமென்கின்றனர். ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அமெரிக்கச் சமவெளியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

மிசூரி ஆற்றின் கரைகள் தொடங்கி ரொக்கி மலைத்தொடரின் அடிவாரம் வரை பரந்து கிடப்பது அச்சமவெளி. மரங்கள் அருகிய புல்வெளி அது. மழை குறைவு, காற்று மிகுதி. கோடை வெயிலும் மாரிக்காலப் பனியும் ஒன்றையொன்று விஞ்சுங் கடுமையுடையன. ஆயினும் அவ்வெளி வெறுமையாய்க் கிடந்ததில்லை. மண்டன், பவுனி முதலிய குலத்தவர் ஆற்றோரங்களிலே ஊரமைத்துச் சோளம் பயிரிட்டனர். லகோட்டா, செயென், கயோவா, கொமாஞ்சி முதலியோர் பைசன் எனப்படும் காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். இவர்கள் எல்லாரையும் செவ்விந்தியர் என ஒரே பெயராற் குறிப்பது பழைய பாடநூல்களின் வழக்கம். அப்பெயர் கொலம்பசின் பிழையாற் பிறந்தது. அவரவர்க்கு அவரவர் குலப்பெயரும் மொழியும் உண்டு.

ஸ்பானியர் கொணர்ந்த குதிரை இம்மக்களின் கைக்கு வந்தபின், காட்டெருமை வேட்டை அவர்தம் வாழ்வின் அச்சாணியாயிற்று. அவ்விலங்கின் இறைச்சி உணவாயிற்று, தோல் கூடாரமும் போர்வையுமாயிற்று, எலும்பு கருவியாயிற்று, நரம்பு நூலாயிற்று, காய்ந்த சாணமும் விறகுக்குப் பதிலாய் எரிந்தது. மந்தை எங்கே மேய்கின்றதோ அங்கேதான் குடியும் இருத்தல் வேண்டும். ஆதலின், நிலத்தை அளந்து, கல் நாட்டி, வேலி அடைத்து, இது ஒருவனுக்கே உரியதென எழுதிவைக்கும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றவில்லை. வேட்டை நிலத்துக்காகக் குலங்கள் தம்முட் போரிட்டதுண்டு. ஆனால் நிலத்தை விலைபேசி விற்றல் அவர்கள் அறியாத ஒன்று.

1803ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கா, லூசியானா எனப்பட்ட பெரும் பிரதேசத்தைப் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கியது. சமவெளியின் பெரும்பகுதி அதனுள் அடங்கிற்று. விற்றவரும் வாங்கியவரும் அங்கு வாழ்ந்தோரை ஒரு வார்த்தை கேட்டாரல்லர். முதலில் அந்நிலத்தை எவரும் விரும்பவுமில்லை. 1820இல் அவ்வழிச் சென்ற இராணுவ ஆய்வாளர் ஸ்டீபன் லோங், அஃது உழவுக்கு உதவாத பாலை என்றே அறிக்கை செய்தார். கிழக்கிலிருந்த குலத்தவரைத் துரத்தி மேற்கே குடியேற்றுதற்கு 1830இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் 1848இலே கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டதும், வண்டித்தொடர்கள் சமவெளியை ஊடறுத்துச் செல்லத் தொடங்கின. அவ்வண்டிகளோடு கொள்ளைநோயுஞ் சென்றது. அதற்கு முன்னரே, 1837இல், மிசூரி ஆற்று வழியே வந்த அம்மைநோய் மண்டன் குலத்தை ஏறத்தாழ அழித்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோராய் இருந்த அக்குலத்திலே நூற்றைம்பது பேர்தானும் எஞ்சவில்லை.

கடந்து சென்றவர்கள் போக, தங்குபவர்கள் அடுத்து வந்தனர். 1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் குடியேற்றக் காணிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். சிறுதொகைக் கட்டணஞ் செலுத்தி, 160 ஏக்கர் காணியைப் பதிந்து, ஐந்தாண்டுகள் அதில் வாழ்ந்து பயிர் செய்தவனுக்கு அக்காணி சொந்தமாகும் என்றது அச்சட்டம். பதினாறு இலட்சம் பேர்வரை அதன்கீழ் உறுதி பெற்றனர். 27 கோடி ஏக்கர் நிலம் அவ்வாறு பகிரப்பட்டது. 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப்பாதைகள் யூட்டா பிரதேசத்திலே ஒன்றுசேர்ந்தன. புகையிரதக் கம்பனிகளும் தமக்கு அரசு வழங்கிய நிலங்களை விற்றற்பொருட்டு ஐரோப்பிய மொழிகளில் விளம்பரஞ் செய்தன.

வந்தவர் யாவர்? நோர்வே, சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளிலே ஒரு துண்டு நிலத்துக்கும் வழியற்றிருந்த ஏழை உழவர் பலர். அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களும் 1879ஆம் ஆண்டளவில் ஆயிரக்கணக்காகக் கன்சாஸ் நோக்கிச் சென்றனர். மரமுங் கல்லும் அரிதாகையால், வேரோடு வெட்டிய புற்கட்டிகளை அடுக்கிச் சுவரெழுப்பி, ஒழுகும் கூரையின் கீழ் இவர்கள் வாழ்ந்தனர். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்று தீர்த்தது. ஐந்தாண்டு முடியுமுன்னரே காணியைக் கைவிட்டுத் திரும்பினோரும் பலர். இவர்களைக் கொடியவர் என்று தூற்றுதல் நீதியாகாது. பசித்தவன் நிலந்தேடி வந்தான். அரசு அவனுக்கு நிலத்தைக் காட்டிற்று. ஆனால் அவ்வரசு வாரி வழங்கிய காணி அதன் முதுசம் அன்று. ஒருவரது வறுமையைத் தீர்த்தற்கு இன்னொருவரது வாழ்வு விலையாயிற்று. அவ்விலையைச் செலுத்தியவரின் கையொப்பம் அந்த உறுதிகளில் எங்குமில்லை.

காட்டெருமையின் கதையும் இதனோடு பின்னியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சமவெளியில் மூன்று கோடி காட்டெருமைகள் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. 1871ஆம் ஆண்டளவில், அத்தோலைப் பதனிட்டு ஆலை இயந்திரங்களுக்கு வேண்டிய பட்டிகள் செய்யும் முறை வழக்குக்கு வந்தது. துவக்கேந்திய வேட்டைக்காரர் தோலை மட்டும் உரித்தெடுத்து உடலை அழுகவிட்டுச் சென்றனர். இவ்வழிவைத் தடுக்குமுகமாகக் காங்கிரஸ் மன்றம் 1874இல் நிறைவேற்றிய சட்டமூலத்துக்குச் சனாதிபதி கிராண்ட் ஒப்பமிடாது விட்டார். மந்தை அழிந்தால் மக்கள் அடங்குவர் என்பது படைத்தலைவர் பலரின் எண்ணமாயிருந்தது. 1880களின் முடிவிலே எஞ்சியவை ஏறத்தாழ ஓராயிரமே. அடுத்து வந்த ஏழைக் குடியேறிகள், வெளியெங்குஞ் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் பசளைக்கென விற்றுப் பிழைத்தனர்.

இனி, தொடக்கத்திற் சொன்ன பணத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1866 முதல் 1868 வரை லகோட்டா மக்கள் செங்கார் எனப் பொருள்படும் பெயருடைய தலைவரின் கீழ்ப் போராடி, தம் வேட்டை நிலத்திற் கட்டப்பட்ட கோட்டைகளை அரசு கைவிடுமாறு செய்தனர். 1868இலே லறமி கோட்டையில் உடன்படிக்கை ஆயிற்று. இன்றைய தென் டக்கோட்டா மாநிலத்தில் மிசூரி ஆற்றுக்கு மேற்கேயுள்ள நிலம் முழுவதும் அவர்களுக்கே உரியதென அதில் எழுதப்பட்டது. கருங்குன்றுகள் எனப்படும் புனித மலைகளும் அதனுள் அடங்கின. வளர்ந்த ஆடவருள் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டாலன்றி அந்நிலத்தில் எப்பகுதியும் கைமாறலாகாது என்பது அதன் 12ஆம் உறுப்பு. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கட்டடமும் ஓர் ஆசிரியரும் அளிக்கப்படும் என்ற வாக்குறுதியும் அதிலுண்டு.

ஆறாண்டு கழிந்தது. 1874இல் கஸ்டர் என்னும் படைத்தலைவர் கருங்குன்றுகளுட் சென்று பொன் இருப்பதைக் கண்டார். செய்தி பரந்தது, பொன் தேடுவோர் ஆயிரக்கணக்கில் உட்புகுந்தனர். 1875இல் அரசு அம்மலைகளை 60 இலட்சம் டொலருக்கு விலைபேசிற்று. மக்கள் மறுத்தனர். மறுத்தபின் வந்தது போர். 1876ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி, லிட்டில் பிக்கோர்ன் ஆற்றங்கரையிலே லகோட்டா, செயென் வீரர்கள் கஸ்டரையும் அவரோடு நின்ற படையினர் அனைவரையும் வீழ்த்தினர். அவ்வெற்றி நிலைக்கவில்லை. கருங்குன்றுகளை விட்டுக்கொடுக்கும்வரை பங்கீட்டு உணவு இல்லையெனக் காங்கிரஸ் சட்டஞ் செய்தது. காட்டெருமை அருகிவிட்ட நிலத்திலே, உணவை மறித்தல் துவக்கினுங் கொடிய ஆயுதமன்றோ? நான்கில் மூன்று பங்கினர் கையொப்பம் வேண்டிய இடத்திலே பத்தில் ஒரு பங்கினரின் ஒப்பமே கிடைத்தது. 1877ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 28ஆந் திகதி மலைகள் சட்டத்தாற் பறிக்கப்பட்டன.

எஞ்சிய நிலத்தையும் சட்டமே சிறுகச் சிறுகக் கரைத்தது. 1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம், குலங்களின் பொதுநிலத்தைத் துண்டாடிக் குடும்பத்தலைவருக்கு 160 ஏக்கர் என வகுத்தது. மிகுந்ததை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1887இலே 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராய் இருந்த ஆதிக்குடிகளின் நிலம், 1934இலே 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராய்ச் சுருங்கிற்று. உழவனாக்கி உயர்த்துவதே தம் நோக்கமென அச்சட்டத்தை ஆக்கியோர் நம்பினர். நன்மை செய்கின்றோம் என்னும் நம்பிக்கையோடு இழைக்கப்படும் தீமைக்கு எல்லை காண்பது அரிது.

கல்வித்துறையிலும் அதுவே நிகழ்ந்தது. 1879இலே றிச்சட் பிறற் என்னும் இராணுவ அதிகாரி, பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில், வெற்றுப் படைமுகாமொன்றில் ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார். முதலில் வந்தோர் லகோட்டாப் பிள்ளைகள். பெற்றோரிடமிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பாற் கொணரப்பட்ட அவர்தம் கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி விலக்கப்பட்டது. முதல் வகுப்பிலிருந்த சிறுவனொருவன் பிற்காலத்தில் எழுத்தாளனாகி, தனக்குப் பெயரிட்ட விதத்தைப் பதிவு செய்துள்ளான். கரும்பலகையில் வெள்ளையர் பெயர்கள் வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. அவற்றை வாசிக்க அறியாத பிள்ளைகள் கையிற் கோலைக் கொடுத்து, ஒன்றைத் தொட்டுக் காட்டும்படி பணித்தனர். அவன் தொட்டது லூதர் என்னும் பெயர். அவனே லூதர் ஸ்டாண்டிங் பெயர். தனக்கு இடப்படும் பெயரைத் தானே வாசிக்க அறியாத பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1918இலே மூடப்பட்ட அப்பள்ளியின் மயானத்திலே, வீடு திரும்பாத பிள்ளைகளின் கல்லறைகள் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. இத்தகைய பள்ளிகளின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது 2024ஆம் ஆண்டிலேதான்.

சமவெளிப் போர்களின் இறுதித் துயரம் 1890ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆந் திகதி, தென் டக்கோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் நிகழ்ந்தது. நோயுற்ற தலைவரொருவரோடு வந்து சரணடைந்த லகோட்டாக் கூட்டத்தாரிடம் படையினர் ஆயுதங்களைக் களைந்துகொண்டிருக்கையில், ஒரு வெடி கேட்டது. அதனைத் தொடர்ந்து பீரங்கிகள் முழங்கின. மாண்டோர் இருநூற்றைம்பதுக்கும் முந்நூற்றுக்கும் இடைப்பட்டோர் எனக் கணிப்பர். அவருட் பெண்களும் பிள்ளைகளும் ஏராளம். உறைபனியில் விறைத்த உடல்கள் ஒரே குழியிற் புதைக்கப்பட்டன. 1900ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே நாடு முழுவதும் எண்ணப்பட்ட ஆதிக்குடிகள் 2 இலட்சத்து 37 ஆயிரம் பேரே.

ஆயினும் அவர்கள் அழிந்தாரல்லர். துவக்கை வைத்தவர்கள் உடன்படிக்கைத் தாளைக் கையில் எடுத்தனர். கருங்குன்றுகளுக்காக 1923இலே தொடுத்த வழக்கு, தள்ளுண்டும் மீண்டெழுந்தும் 57 ஆண்டுகள் நடந்தது. 1980ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, மலைகள் முறையின்றிப் பறிக்கப்பட்டன என உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1877இன் மதிப்புக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியுஞ் சேர்த்து நட்டஈடு விதித்தது. அதற்கிடையில் அம்மலைகளிலே நான்கு சனாதிபதிகளின் முகங்கள் செதுக்கப்பட்டுவிட்டன. அங்கிருந்த ஒரே சுரங்கம், 2002இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 4 கோடி அவுன்சு பொன்னை ஈந்தது.

நேயர்களே, வறியோர் பெரும்பணத்தை ஏன் மறுக்கின்றனர் என்பதற்கு விடை இதுதான். விலையைப் பெற்றுக்கொண்டால் விற்றதாகிவிடும். 1875இலே முன்னோர் விற்க மறுத்ததை, இத்தனை காலஞ் சென்றபின் பேரர் விற்றனர் என்று வரலாறு எழுதும். அவர்கள் கேட்பது நிலத்தை. நீதிமன்றம் கொடுக்க வல்லதாயிருந்தது பணத்தை மட்டுமே.

2012இலே அக்குலத்தவர் சிலர் ஒன்றுகூடி, கருங்குன்றுகளின் நடுவே தாம் புனிதமெனப் போற்றும் பெஸ்லா என்னும் புல்வெளியில் ஏறத்தாழ 1,900 ஏக்கரை, ஏறக்குறைய 90 இலட்சம் டொலர் திரட்டிக் கொடுத்து வாங்கினர். தமக்கு உரியதென நாட்டின் உயர் நீதிமன்றமே ஏற்ற நிலத்துக்கு அவர்களே விலை கொடுத்தனர். திறைசேரியிலுள்ள பணத்தில் ஒரு சதத்தையும் அவர்கள் அதற்காகத் தொடவில்லை. அப்புல்வெளியிலே காட்டெருமைகள் மீண்டும் மேய்கின்றன.