புகைத்தலை விட்ட பின் உடலில் தோன்றும் அறிகுறிகள்

புகைத்தலை நிறுத்தியவருக்கு முதல் சில வாரங்களில் உடல்நிலை முன்னையதைவிட மோசமானதுபோலத் தோன்றும். தலையிடி, நித்திரையின்மை, எரிச்சல், இருமல், மலச்சிக்கல், வாய்ப்புண் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். புகைத்தபோது இல்லாத வருத்தம் விட்ட பிறகு வந்துவிட்டதே என்று பயந்து, திரும்பவும் பீடியையோ சிகரெட்டையோ சுருட்டையோ எடுப்பவர்கள் பலர். இந்த அறிகுறிகளில் பெரும்பாலானவை உடல் தேறிவருவதால் உண்டாகின்றன; ஆபத்தானவை சிலவே.

இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குப் பழகிப்போன மூளை தவிக்கத் தொடங்கும். பதற்றம், கோபம், பசி ஆகியன முதல் நாளிலேயே தலைகாட்டி, 2ஆம் 3ஆம் நாள்களில் உச்சம் தொட்டு, 2 முதல் 4 வாரங்களில் தணியும். புகைக்கும் ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நிற்கும். நிக்கொட்டின் குடலையும் தூண்டிவந்ததால், அது நின்றதும் மலச்சிக்கல் ஏற்படும். வன்னி வெயிலில் வயலிலும் தோட்டத்திலும் வியர்வை சிந்துவோருக்கு இது கூடுதலாக இருக்கும். தண்ணீரும் கீரையும் பழமும் போதியளவு வேண்டும்.

இருமல் கூடுவதுதான் பலரையும் கலங்கவைப்பது. சுவாசக் குழாய்களிலுள்ள நுண்ணிய மயிரிழைகளைப் புகை செயலிழக்கச் செய்திருக்கும். அவை மீண்டும் இயங்கி, தேங்கிய சளியை மேலே தள்ளும்போது இருமல் வரும்.

தேநீர் விடயம் பலருக்குத் தெரியாது. புகையிலுள்ள சில இரசாயனங்கள் ஈரலைத் தூண்டி, தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை விரைவாக அழிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமான அளவு பிளேன்ரீயே நெஞ்சுப் படபடப்பையும் நித்திரையின்மையையும் தரும். குடிக்கும் அளவைப் பாதியாக்கினால் இவை பெரும்பாலும் குறையும்.

இதே காரணத்தால் சில மருந்துகளும் இரத்தத்தில் கூடிவிடும். இளைப்புக்குக் கொடுக்கப்படும் தியோபிலின், மனநோய்க்கான குளோசபின், ஒலன்சபின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றை எடுப்பவர்கள் புகைத்தலை விடும்போதே கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். தாமாக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சீனியை அடிக்கடி பரிசோதிப்பது நல்லது.

எல்லாவற்றையும் "புகை விட்டதால்தான்" என்று ஒதுக்கிவிடுவது பெருந்தவறு. 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயாகவும் இருக்கலாம். அதோடு மாலைக் காய்ச்சலோ மெலிவோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 3 வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், வாயில் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புப் படலத்தையும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு இது இன்னும் அவசரம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

மனச்சோர்வும் கவனிக்கத்தக்கது. போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு, புகை மறைத்துவைத்திருந்த துயரம் இந்நாள்களில் மேலெழலாம். சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாட வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழைக்கலாம்.

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன புகை விட்டதால் வருபவை அல்ல. இவை மாரடைப்பின் அல்லது பக்கவாதத்தின் அறிகுறிகள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்குத் தூரத்துக் கிராமங்களிலிருந்து வருவதற்கே நேரம் பிடிக்கும். ஆகவே விடியும்வரை பார்த்திருக்காமல், 1990 இலவச அம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.