கிணற்றுத் தண்ணீரின் சாட்சி

இறால் பண்ணைக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பண்ணைக்காரரையே கேட்டால் முழு விவரம் கிடைக்குமா?

1990களில் நாகைக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குளங்களாயின. குடிநீர் உப்பாயிற்று, வயல்கூலிகளுக்கு வேலை போயிற்று. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். இரு தரப்பு வாதத்தோடு நீதிமன்றம் நிற்கவில்லை; நாக்பூரின் ‘நீரி’ ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது. இந்த வழக்கில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். வருமானத்தைவிடச் சேதமே அதிகம் என்று நீரி சொன்னது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்புக்கு அந்த அறிக்கையே முக்கிய ஆதாரம்.

பண்ணைகளுக்குச் சான்றிதழ் தருவதற்காக 2010-இல் தொடங்கிய ஏ.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பிலும் இப்படி வெளியாரே பார்க்கிறார்கள்: விதி எழுதுவோர் வேறு, பண்ணையைச் சோதிப்போர் வேறு. சான்றிதழுக்கு முன் வரைவு அறிக்கை பொதுவில் வரும். ஊரார் கருத்துச் சொல்லலாம். ஆனால் தணிக்கைக் கட்டணத்தைக் கட்டுவது பண்ணைதான். அதனால் ஊரார் பேசியே ஆக வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் தணிக்கையாளர் வந்தால், உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குவளையை அவர் கையில் கொடுங்கள்.