முக்கால் மணியில் விடை



சிறுநீர்த் தொற்று என்றால் மாதிரி லேபுக்குப் போகும். கிருமி தட்டில் வளரணும், எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கணும். இரண்டு மூன்று நாளாகும். நோயாளி அதுவரை பொறுப்பாரா? டாக்டர் ஊகத்தில் ஒரு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருக இதுவும் ஒரு வழி.

உப்சாலா பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த பிஏ-100 கருவி, 2024இல் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசை வென்றது. இதில் மருத்துவத்தைவிட நம்ம இன்ஜினீயரிங்தான் அதிகம்! மயிரிழையினும் நுண்ணிய கால்வாய்களில் கிருமிகள் சிக்கிக்கொள்ளும். சிலவற்றில் மருந்து உண்டு, சிலவற்றில் இல்லை. மைக்ராஸ்கோப் இரண்டின் வளர்ச்சி வேகத்தையும் ஒப்பிடும். கோடியாகப் பெருக வேண்டாம். ஒரு கிருமி நீள்வதே போதும். ஐந்து மருந்துகளுக்கு 45 நிமிடத்தில் விடை.

ஆனால் சிப் ஒரு தடவைக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் அதை எப்படி வார்ப்பது? மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.