வரப்போரத் தேனீக்கள்



தேனீ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தேன். ஆனால் வேளாண்மைக்கு அது செய்யும் உதவியோடு ஒப்பிட்டால் தேன் சிறு பொருளே. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்துவரும் பூச்சி வாராவிடில் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும்.

கத்தரியைத் தனித்து நோக்க வேண்டும். அதன் மகரந்தப்பை வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் நன்கு உதிரும். காற்றசைவால் ஓரளவு காய்க்கும் எனினும், ஏற்ற தேனீ வந்து சென்ற பூவில் காய்ப்பு மிகும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. உடலில் நீலப் பட்டைகள் கொண்ட தனித்தேனீயும், கருவண்டு என நாம் அழைக்கும் தச்சுத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, பறத்தற்குரிய தசைகளை அதிரச்செய்து, பெருத்த ரீங்காரத்துடன் மகரந்தத்தை உதிர்க்கின்றன. நமக்குத் தேன் தராத காரணத்தால் இவற்றை நாம் தேனீ என்றே கருதுவதில்லை!

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். தச்சுத் தேனீ பட்ட மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும். பயிர் பூக்காத காலத்தில் தும்பை போன்ற செடிகளே தேனீக்களுக்கு உணவு. மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறக்க வல்லது; சிறிய தேனீக்களோ சில நூறு மீட்டருக்கு அப்பால் செல்வது அரிது. ஆகவே தொலைவில் காடு இருப்பது மட்டும் போதாது. வயலை ஒட்டியே வேலியும் வாய்க்கால் கரையும் உழாத புறம்போக்கும் இருத்தல் வேண்டும்.

தேனீப் பெட்டி வழங்குவது நல்ல திட்டமே. எனினும் ஓரினத்தை மட்டும் நம்புதல் தகாது. 1991-92 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய நச்சுயிரி நோய், குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போரின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்ததை மறத்தலாகாது.

நம்மவருள் பலர் பிறர் நிலத்தில் உழைப்போர். வரப்பைச் செதுக்கச் சொல்பவர் நிலவுடைமையாளர். செதுக்குவன நம் கைகள். மருந்துத் தெளிப்பானைச் சுமப்பதும் நம் முதுகே. இமிடாகுளோப்ரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் தேனீக்களின் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்த வெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. தேனீயைக் கொல்லும் நஞ்சு, முகமூடியும் கையுறையுமின்றித் தெளிப்பவர் உடலுக்கும் நன்மை செய்யாது. பூக்கும் பருவத்தில் தெளித்தலைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலையிலேனும் செய்க எனக் கேட்பது நமக்கும் உரிய கோரிக்கை. முகமூடியையும் கையுறையையும் அதனுடன் சேர்த்தே கேட்போம்.

கல்லூரியில் தாவரவியல் பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். தும்பை நிறைந்த வரப்பை ஒட்டிய கத்தரிச் செடிகள் பத்து, அதனின்று தொலைவில் உள்ள செடிகள் பத்து எனத் தேர்ந்து, காலையில் எத்தேனீ எத்தனை முறை வருகிறது என எண்ணி எழுதுக. பின்னர் இரண்டிலும் காய்களை எடை போடுக. கடிகாரமும் குறிப்பேடும் தராசும் போதும். பூசணியை ஆராய விழைவோர் விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும். நண்பகலுக்குள் அப்பூ கூம்பிவிடும்.