டப்பாவைக் கழுவிப் போடுவோம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, உலர் கழிவுக்கு நீலத் தொட்டி என்று பிரித்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் பார்சல் வந்த டப்பாவைக் கழுவாமல் நீலத் தொட்டியில் போட்டால், பிரித்ததன் பலன் பாதி வீணாகிறது.

மிச்ச சாம்பாரும் குருமாவும் வழிந்து, அதே பையிலுள்ள செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் நனைத்துவிடும். எண்ணெய் ஊறிய காகிதம் மறுசுழற்சிக்கு உதவாது. இரண்டு நாளில் நாற்றம், எறும்பு, புழு. அந்தப் பையைத் திறந்து கையால் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவது கடைசியில் போய்ச் சேருமிடம் கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைமேடுதான்.

"தண்ணீர் செலவாகுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர் இது. ஆகவே புதுத் தண்ணீர் வேண்டாம். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரே போதும். டப்பா பளபளக்கத் தேவையில்லை. உணவு ஒட்டியிருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செய்முறை இது:

1. மிச்ச உணவை வழித்துப் பச்சைத் தொட்டியில் போடுங்கள்.
2. டப்பாவையும் மூடியையும் தனித்தனியே அலசிக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்த பிறகே நீலத் தொட்டி.
3. அலுமினிய டப்பாவின் அட்டை மூடியைப் பிரித்துவிடுங்கள். எண்ணெய் பட்ட அட்டையைச் செய்தித்தாளோடு சேர்க்காதீர்கள்.
4. பால் பாக்கெட்டின் முனையை முழுதாக வெட்டி எறியாமல், துண்டு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. பாக்கெட்டை அலசிக் காயவையுங்கள்.
5. வாழை இலை பச்சைத் தொட்டிக்கு. இலைபோல அச்சடித்த பிளாஸ்டிக் பூச்சுத் தாள் மக்காது. அதை அங்கே போடாதீர்கள்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். நன்றாக மறுசுழற்சி ஆகக்கூடிய பொருள். அழுக்கோடு போட்டால் அதுவும் குப்பைதான்.

பக்கத்துக் கடையில் வாங்கும்போது வீட்டிலிருந்தே தூக்குவாளி கொண்டுபோனால் இத்தனை வேலையும் மிச்சம். அது முடியாத நாளில், டப்பாவுக்கு அரை நிமிடம் ஒதுக்குங்கள். நம் வீட்டு எச்சிலை இன்னொருவர் கை தொட வேண்டிய நிலை இந்தக் குடியிருப்பில் வேண்டாம்.